ஹெடர் ஒன்று, பக்கம் பல்லாயிரம்: பெரிய தளத்தின் பொது லேஅவுட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய தளம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்கிறவர்கள் ஏறக்குறைய இதே கேள்விகளோடுதான் வருகிறார்கள். முதல் வாரத்தில் சில, ஆறு மாதம் கழித்து வேறு சில. அந்த வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். தளம் எந்த மென்பொருளில் ஓடினாலும் பொருந்தும்படிதான் சொல்ல முயன்றிருக்கிறேன். கருவிகளின் பெயர் வருவதெல்லாம் உதாரணத்துக்கு.

பொது லேஅவுட் என்றால் எது?

ஒரு பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கே உரிய விஷயத்தை உருவி எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது. மேலே லோகோ, மெனு, தேடல் பெட்டி, ஓரத்தில் பக்கப்பட்டை, கீழே முகவரி, பதிப்புரிமை வரி. இது கண்ணுக்குத் தெரிகிற பாதி. தெரியாத பாதி 'ஹெட்' பகுதிக்குள் இருக்கிறது: எழுத்துக் குறியாக்கம், மொழிக் குறிப்பு, சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) இணைப்புகள், தேடுபொறிக்கான குறிப்புகள், வருகையை எண்ணும் ஸ்கிரிப்ட். தலைவலி பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியில்தான். மெனு உடைந்தால் பத்துப் பேர் போன் செய்வார்கள். ஹெட் உடைந்தால் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

பெயர் விஷயத்தில் ஆளுக்கொரு பழக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் 'வார்ப்புரு' என்கிறார்கள். உருக்கி ஊற்றினால் ஒவ்வொரு முறையும் அதே உருவம் என்பதால் நல்ல சொல்தான். அலுவலகப் பேச்சில் டெம்ப்ளேட், லேஅவுட், பார்ஷியல் என்று புழங்குகிறது. இங்கே முழுப் பக்கத்தின் சட்டகத்தை லேஅவுட் என்றும், ஹெடர், ஃபுட்டர் போன்றவற்றைத் துண்டு என்றும் சொல்கிறேன்.

எல்லாக் கோப்பிலும் ஹெடரை அப்படியே ஒட்டி வைத்திருக்கிறோம். மாற்றம் வந்தால் 'கண்டுபிடித்து மாற்று' போட்டால் ஆகாதா?

இருபது பக்கம் வரை ஆகும். 4,000 பக்கத்தைக் கையால் திறந்து, ஒரு பக்கத்துக்கு 30 விநாடி என்று வைத்து மாற்றினால் 33 மணி நேரத்துக்கு மேல் போகும். அதனால்தான் எல்லாரும் மொத்தமாகக் கண்டுபிடித்து மாற்றுவதற்குப் போகிறார்கள். ஆனால் அந்த வசதி, நகல்கள் எழுத்து பிசகாமல் ஒரேமாதிரி இருந்தால்தான் வேலை செய்யும். அவை அப்படி இருப்பதே இல்லை. ஒருவர் ஒரு பக்கத்தில் மட்டும் தொலைபேசி எண்ணைத் திருத்தியிருப்பார். இன்னொருவரின் எடிட்டர் சேமிக்கும்போது உள்தள்ளலை மாற்றியிருக்கும். மேற்கோள் குறி ஓரிடத்தில் ஒற்றை, வேறிடத்தில் இரட்டை. தேடல் 3,700 பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். தப்பிய 300 எவை என்று சொல்லாது.

உங்கள் தளம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஃபுட்டர் பகுதியை மட்டும் ஸ்கிரிப்ட் போட்டு வெட்டி எடுங்கள். இடைவெளிகளை நீக்கிவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹாஷ் (ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் சிறு அடையாளக் குறி) கணக்கிடுங்கள். அந்த ஹாஷ்களை வரிசைப்படுத்தி எத்தனை விதம் என்று எண்ணுங்கள். "ஃபுட்டர் எல்லாவற்றிலும் ஒன்றுதான்" என்று எல்லாரும் உறுதியாகச் சொன்ன ஒரு தளத்தில் இதைச் செய்தேன். 14 விதம் வந்தது. அதில் ஒன்று, எப்போதோ எடுக்கப்பட்டுவிட்ட ஒரு சேவைக்கு இன்னமும் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அப்படியானால் ஒரே இடத்தில் வைத்து எல்லாப் பக்கத்திலும் வரவழைக்க என்னென்ன வழிகள்?

வழிகள் ஏராளம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் பிரித்துவிடலாம்: துண்டையும் பக்கத்தையும் எந்த நேரத்தில் ஒட்டுகிறோம்?

எழுதும்போதே ஒட்டுவது ஒரு வகை. 1997 டிசம்பரில் வந்த டிரீம்வீவர் பிற்பாடு இதைப் பரவலாக்கியது. டெம்ப்ளேட்டை மாற்றிச் சேமித்தால், அதைச் சார்ந்த பக்கங்கள் எல்லாவற்றையும் உங்கள் கணினியிலேயே திருத்தி எழுதித் தரும். எந்தப் பகுதியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதைக் கோப்புக்குள் கமென்ட்களாகக் குறித்துவைக்கும். நல்ல யோசனைதான். ஆனால் திருத்திய ஆயிரம் கோப்பையும் சர்வரில் ஏற்றியாக வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் பாதித் தளம் புதுசு, பாதி பழசு.

ஆள் கேட்கும்போது சர்வரில் ஒட்டுவது இரண்டாவது. சர்வர் சைடு இன்க்ளூட் என்ற பழைய முறை அப்பாச்சியில் இன்றும் இருக்கிறது: பக்கத்தில் ஒரு கமென்ட் வரி, அந்த இடத்தில் சர்வர் துண்டைச் செருகிக் கொடுக்கும். பிஎச்பியின் இன்க்ளூட், 2005இல் ஏஎஸ்பி டாட் நெட் 2.0 கொண்டுவந்த மாஸ்டர் பேஜ், அதே ஆண்டு வெளிவந்த ஜாங்கோவின் டெம்ப்ளேட் மரபுரிமை, வேர்ட்பிரஸ் தீம்கள் எல்லாம் இந்தக் குடும்பம்.

மூன்றாவது, முன்கூட்டியே மொத்தமாக ஒட்டி வைப்பது. 2008இல் ஜெக்கில், 2013இல் ஹியூகோ என வந்த நிலைத்தள உருவாக்கிகள் பில்ட் செய்யும்போது, அதாவது மூலக் கோப்புகளிலிருந்து தளத்தை உருவாக்கும்போது, எல்லாப் பக்கத்தையும் முழு எச்டிஎம்எல் ஆக்கிவிடும். சர்வருக்கு ஒட்டுகிற வேலையே இல்லை.

நான்காவது, சர்வருக்கும் படிப்பவருக்கும் நடுவே, பக்கங்களின் நகலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கேஷில் ஒட்டுவது. எட்ஜ் சைடு இன்க்ளூட் என்ற முறையை 2001இல் அகமாய், ஆரக்கிள் உள்ளிட்டோர் சேர்ந்து இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியிடம் கொடுத்தார்கள். பக்கத்தை ஒரு நாளும் ஹெடரை ஐந்து நிமிடமும் கேஷில் வைத்திருக்கலாம் என்பது இதன் பலம். பல குழுக்கள் பல மென்பொருளில் நடத்தும் தளத்துக்கு ஒரே ஹெடர் தேவைப்படும்போது, இதைவிட எளிமையான வழி அதிகம் இல்லை.

பிரவுசரிலேயே ஒட்டிக்கொள்ளலாமே? ஜாவாஸ்கிரிப்ட் பத்து வரி போதும்.

பத்து வரி போதும். பிரச்சினை அதற்குப் பிறகு. பக்கம் முதலில் ஹெடர் இல்லாமல் தோன்றும், பிறகு ஹெடர் வந்து எல்லாவற்றையும் கீழே தள்ளும். படிக்க ஆரம்பித்தவர் விரல் வைத்த இடத்தில் வேறு ஒன்று இருக்கும். ஸ்கிரிப்ட் வராவிட்டால் மெனுவே இல்லை. சில தேடுபொறிகளும் பல சேகரிப்பு நிரல்களும் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை.

இந்தத் தேவைக்குப் பிரவுசர்க்காரர்களும் முயன்றார்கள். 1990களில் ஃப்ரேம்: மெனு ஒரு சட்டத்தில், பக்கம் இன்னொன்றில். 1997இல் எச்டிஎம்எல் 4.0 அதை ஏற்றுக்கொண்டது. 2014இல் எச்டிஎம்எல்5 கழற்றிவிட்டது. உள்ளே எந்தப் பக்கத்தில் இருந்தாலும் முகவரிப் பட்டையில் ஒரே முகவரி. யாருக்கும் சுட்டி அனுப்ப முடியாது. பின்னர் எச்டிஎம்எல் இம்போர்ட்ஸ் என்று ஒன்று வந்து, 2020இல் குரோம் 80இலிருந்து நீக்கப்பட்டது. சர்வரில் கைவைக்கவே அனுமதி இல்லை என்ற நிலையில் மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் ஒட்டுங்கள். அப்போதும் ஹெடருக்கான உயரத்தை சிஎஸ்எஸ்ஸில் முன்னாலேயே ஒதுக்கிவிடுங்கள்.

இன்க்ளூடா, மரபுரிமையா? எது நல்லது?

மரபுரிமை. காரணத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

இன்க்ளூட் முறையில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: முதல் வரி ஹெடர் கோப்பைக் கூப்பிடும், நடுவில் விஷயம், கடைசி வரி ஃபுட்டர் கோப்பைக் கூப்பிடும். ஹெடர் கோப்பு ஒரு 'டிவ்'வை (பக்கத்தின் ஒரு பகுதியைச் சுற்றி நிற்கும் எச்டிஎம்எல் பெட்டி) திறந்துவிட்டுப் போகும். அதை மூடுகிற வரி ஃபுட்டர் கோப்பில் இருக்கும். ஒரு வீட்டின் நிலைப்படி ஒரு கோப்பில், கதவு இன்னொரு கோப்பில். இரண்டையும் தனித்தனியாகத் திறந்து பார்க்கிறவருக்கு இரண்டுமே பிழையான எச்டிஎம்எல். யாரோ ஒருவர் ஹெடரில் இன்னொரு டிவ் சேர்த்து, ஃபுட்டரில் மூட மறந்தால், பக்கப்பட்டை மட்டும் சில பக்கங்களில் அடியில் போய் விழும். எங்கே தப்பு என்று தேடுகிறவர் தன் பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். தப்பு அங்கே இல்லை.

மரபுரிமையில் லேஅவுட் ஒரே கோப்பு. திறப்பது, மூடுவது எல்லாம் அதற்குள்ளேயே. நடுவில் பெயரிட்ட காலியிடங்கள் சில: தலைப்பு, உள்ளடக்கம், பக்கப்பட்டை. பக்கம் "நான் இந்த லேஅவுட்டைச் சேர்ந்தவன்" என்று முதல் வரியில் அறிவித்துவிட்டு, காலியிடங்களை மட்டும் நிரப்பும். நிரப்பாமல் விட்டால் லேஅவுட்டில் உள்ள இயல்பு மதிப்பு வரும். பக்கத்தை எழுதுகிறவர் சட்டகத்தை உடைக்க வழியே இல்லாமல் போகிறது.

வேர்ட்பிரஸின் பழைய தீம்கள் இன்க்ளூட் வகைதான். 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து பிளாக் தீம்களில் ஹெடரும் ஃபுட்டரும் தாமே முழுமையான துண்டுகளாக இருக்கின்றன. பாதி திறந்த டேக் பிரச்சினை அங்கே பெரும்பாலும் போய்விட்டது.

எத்தனை லேஅவுட் வைத்துக்கொள்ளலாம்?

தளத்தில் எத்தனை வகை விஷயம் உண்டோ அத்தனை. கட்டுரை, பட்டியல், படிவம், முகப்பு, தேடல் முடிவு. பெரும்பாலான தளங்களுக்கு ஐந்து முதல் எட்டு போதும் என்பது என் அனுபவம். பெயரிலேயே நோய் தெரிந்துவிடும். 'கட்டுரை' என்பது லேஅவுட். 'கட்டுரை-புதியது', 'கட்டுரை-புதியது-2', 'கட்டுரை-பக்கப்பட்டை-இல்லாமல்' என்று பார்த்தால், யாரோ அவசரத்தில் நகல் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

"இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். என்ன செய்வது?

பெரிய தளத்தின் லேஅவுட் வேலை என்பதே இந்தக் கேள்விதான். ஒரே ஹெடரை எல்லாருக்கும் காட்டுவது அரை நாள் வேலை. யாருக்கு எது வேறாக இருக்கலாம் என்று தீர்மானிப்பதில்தான் வருடங்கள் போகின்றன.

கோரிக்கை வந்தால் மூன்று வழி கண்முன் நிற்கும். லேஅவுட்டை நகலெடுத்து அந்தப் பக்கத்துக்குத் தனியாக ஒன்று செய்வது முதல் வழி. இன்றைக்கு எளிது. ஆனால் நாளை பொது லேஅவுட்டில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் போட்டால் அந்த நகலுக்கு அது போகாது, போகவில்லை என்பதும் தெரியாது. லேஅவுட்டுக்குள்ளேயே "பக்கம் இதுவானால் இப்படி" என்று நிபந்தனை எழுதுவது இரண்டாவது. ஒன்று இரண்டு இருந்தால் பரவாயில்லை. முப்பது சேர்ந்த பிறகு அந்தக் கோப்பைத் திறக்கவே யாருக்கும் மனம் வராது; எந்த நிபந்தனை எந்தக் கோரிக்கைக்காக என்று சொல்லக்கூடியவரும் வேலையை விட்டுப் போயிருப்பார்.

மூன்றாவது வழி, வேறுபாட்டைப் பக்கத்தின் தரவாக வைப்பது. பக்கத்தின் தலையில் இப்படி நான்கு வரி (நிஜத்தில் ஆங்கிலத்தில் எழுதுவோம், வடிவம் இதுதான்):

லேஅவுட்: கட்டுரை
பக்கப்பட்டை: வேண்டாம்
அறிவிப்பு: விண்ணப்பக் கெடு நீட்டிப்பு
அறிவிப்பு-முடிவு: 2026-03-31

லேஅவுட்டுக்கு எந்தப் பக்கத்தின் பெயரும் தெரியாது. பக்கப்பட்டை வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் பார்க்கும். நாளை அறுபது பக்கத்துக்கு அதே வசதி கேட்டால், அறுபது பக்கத்தில் ஒரு வரி. லேஅவுட்டில் ஒன்றும் இல்லை. பக்கப்பட்டை இல்லாத பக்கங்கள் எவை என்று ஒரு தேடலில் பட்டியலும் கிடைக்கும். கடைசி வரியைக் கவனியுங்கள். விதிவிலக்குக்கு முடிவுத் தேதி இருக்கிறது. "தற்காலிகமாக" என்று கேட்டு வாங்கப்பட்ட எதுவும் தேதி போடாவிட்டால் நிரந்தரம்தான்.

எதையெல்லாம் இப்படி மாற்ற அனுமதிப்பது என்பதை எழுதி வையுங்கள். பக்கப்பட்டை, அறிவிப்பு, முகப்புப் படம் சரி. மெனுவின் வரிசையையும் லோகோவின் இடத்தையும் தராதீர்கள். கேட்டவர் பெரிய அதிகாரியாக இருந்தாலும், "இதை மாற்றினால் எல்லாப் பக்கத்துக்கும் மாற்றுகிறேன், இதற்கு மட்டும் முடியாது" என்று சொல்லிப் பாருங்கள். பாதிக் கோரிக்கைகள் அங்கேயே கரைந்துவிடும்.

ஹெட் பகுதி உடைந்தால் யாரும் சொல்வதில்லை என்றீர்களே, என்ன உடையும்?

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் தளத்தில் புது லேஅவுட் போட்டோம். முகப்புப் பக்கத்தை எடுத்து, நடுவில் இருந்ததை நீக்கி, அதையே லேஅவுட் ஆக்கினோம். முகப்பின் ஹெட்டில் ஒரு 'கனோனிக்கல்' வரி இருந்தது. ஒரே விஷயம் பல முகவரிகளில் இருந்தால் எது மூலம் என்று தேடுபொறிக்குச் சொல்ல 2009இல் வந்த ஏற்பாடு அது. அந்த வரி முகப்பின் முகவரியோடு அப்படியே லேஅவுட்டுக்குள் வந்துவிட்டது. ஆக, தளத்தின் ஒவ்வொரு பக்கமும் "நான் வெறும் நகல், மூலம் முகப்பு" என்று அறிவிக்கத் தொடங்கியது. பார்க்க எல்லாம் அழகாக இருந்தது. தேடலில் இருந்து வருகிறவர்கள் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். விடுமுறைக் காலம் என்று நினைத்தோம். மூன்றாவது வாரம்தான் ஒருவர் பக்க மூலத்தைத் திறந்து பார்த்தார். எழுதியவன் நான்தான்.

இதன் அண்ணன் 'நோஇண்டெக்ஸ்'. சோதனைத் தளம் தேடலில் வரக்கூடாது என்று லேஅவுட்டில் போடுவார்கள். அதே லேஅவுட் நிஜத் தளத்துக்குப் போகும். வரியும் கூடவே போகும்.

அதனால் லேஅவுட் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் ஒரு சிறு சோதனை வையுங்கள்: ஒவ்வொரு வகையிலும் ஒரு பக்கத்தை எடுத்து, தலைப்பு காலியாக இல்லையா, கனோனிக்கல் தன் முகவரியையே காட்டுகிறதா, நோஇண்டெக்ஸ் இல்லையா, மொழிக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஹெடருக்கு மேலே ஒரு வெற்று வரி வருகிறது. எங்கே தேடியும் காரணம் இல்லை.

அந்தத் துண்டுக் கோப்பைச் சேமித்த எடிட்டர் அதன் தொடக்கத்தில் பிஓஎம் என்ற குறியைச் சேர்த்திருக்கும். யுடிஎஃப்-8இல் அது 3 பைட், கண்ணுக்குத் தெரியாது. தனிக் கோப்பின் முதலில் இருந்தால் பிரவுசர் விழுங்கிவிடும். இன்க்ளூட் ஆகிப் பக்கத்துக்கு நடுவே வந்தால் விழுங்காது. பிஎச்பியில் இதே குறி "ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன" என்ற பிழையையும் தரும். 'பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8' என்று தேர்ந்து மறுபடி சேமியுங்கள்.

பழைய தமிழ்ப் பக்கங்கள் கலந்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. லேஅவுட் யுடிஎஃப்-8, உள்ளே வரும் விஷயம் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம் என்றால் ஹெடர் தமிழாகவும் கட்டுரை குழம்பிய குறிகளாகவும் தெரியும். ஒரு பக்கத்துக்கு ஒரு குறியாக்கம்தான். லேஅவுட்டைப் புகுத்துவதற்கு முன் பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், பிறகு அல்ல.

உள்பக்கங்களில் மட்டும் மெனு சுட்டிகள் உடைகின்றன, ஏன்?

ஹெடரில் சார்பு முகவரி எழுதியிருப்பீர்கள். முகப்பில் சரியாக இருக்கும் 'தொடர்பு' என்ற சுட்டி, இரண்டு ஃபோல்டர் உள்ளே இருக்கும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அந்த ஃபோல்டருக்குள்ளேயே தேடும். துண்டுகளில் எழுதும் சுட்டி எல்லாமே சாய்கோட்டில், அதாவது தளத்தின் வேரில், தொடங்க வேண்டும். தளமே ஒரு துணை ஃபோல்டரில் ஓடினால், வேர் முகவரியை ஒரு அமைப்பு மதிப்பாக வைத்து அதோடு ஒட்டுங்கள்.

மெனுவில் 'நீங்கள் இப்போது இருப்பது இங்கே' என்று காட்டுவதும் இதே இடத்தில்தான் சிக்கும். ஹெடர் பொதுவானது, ஆனால் இந்த ஒரு விஷயம் பக்கத்துக்குப் பக்கம் மாறும். பக்கம் தன் பிரிவின் பெயரைத் தரவாகச் சொல்லட்டும், மெனு அதை ஒப்பிட்டுக்கொள்ளட்டும். நிறம் மட்டும் மாற்றாமல் 'ஏரியா-கரன்ட்' பண்பையும் சேருங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவருக்கு நிறம் தெரியாது.

சிஎஸ்எஸ்ஸில் ஓரிடத்தில் தொட்டால் எங்கேயோ ஒரு பக்கம் உடைகிறது.

பொதுவாக இரண்டு காரணம். ஒன்று, துண்டுகள் தங்கள் வெளி இடைவெளியைத் தாங்களே வைத்துக்கொண்டிருக்கும். ஒரு பெட்டி தனக்குள் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லட்டும். அடுத்த பெட்டிக்கும் தனக்கும் எவ்வளவு தூரம் என்பது லேஅவுட்டின் வேலை. இந்த ஒரு ஒழுங்கு வந்தாலே பாதி உடைசல் நின்றுவிடும்.

இன்னொன்று, யார் விதி வெல்வது என்ற போட்டி. ஒருவர் வலுவான விதி எழுத, அதை மிஞ்ச இன்னொருவர் இன்னும் வலுவாக எழுத, கடைசியில் எல்லா வரியிலும் 'இம்பார்ட்டன்ட்' நிற்கும். 2022இல் எல்லா முக்கியப் பிரவுசர்களுக்கும் வந்த அடுக்கு வசதி இதற்கு நல்ல மருந்து: அடிப்படை, லேஅவுட், துண்டு, விதிவிலக்கு என்று வரிசையை ஒருமுறை அறிவித்துவிட்டால், பின் அடுக்கில் உள்ள விதி எவ்வளவு எளிமையாக இருந்தாலும் வெல்லும். 2023இல் பரவலான கன்டெய்னர் குவெரியும் உதவும். திரையின் அகலத்தைக் கேட்காமல் தான் வைக்கப்பட்ட இடத்தின் அகலத்தைக் கேட்டு ஒரு துண்டு தன்னை மாற்றிக்கொள்வதால், அதே துண்டைப் பக்கப்பட்டையிலும் நடுவிலும் வைக்க இரண்டு பதிப்பு தேவைப்படாது.

ஒரே லேஅவுட்டில் இரண்டு மொழி ஓடுமா?

ஓடும். மெனுச் சொற்களை லேஅவுட்டுக்குள் எழுதாமல் மொழிவாரியாகத் தனிக் கோப்பில் வையுங்கள். ஆங்கிலச் சொற்களை அளந்து மெனுவின் அகலத்தை முடிவு செய்யாதீர்கள். 'தொடர்புக்கு', 'எங்களைப் பற்றி' எல்லாம் இரண்டாவது வரிக்குப் போய்விடும். வரி உயரம் இறுக்கமாக இருந்தால் 'கீ'யின் மேல்கொக்கி வெட்டுப்படும். வடிவமைப்பை முதலில் தமிழில் போட்டுப் பாருங்கள், ஆங்கிலம் அதற்குள் தானாக அடங்கும். தலைகீழாகச் செய்தால் அடங்காது.

மாற்றி ஏற்றியாயிற்று. எனக்குப் புது ஹெடர், மற்றவர்களுக்குப் பழசு. ஏன்?

கேஷ். பக்கத்தின் எச்டிஎம்எல்லைக் குறைந்த நேரமும், சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட், படங்களை நீண்ட நேரமும் கேஷில் வைப்பதுதான் வழக்கம். சிஎஸ்எஸ் கோப்பின் பெயரிலேயே அதன் ஹாஷைச் சேர்த்துவிட்டால் ஓராண்டு, அதாவது 3,15,36,000 விநாடி வைத்தாலும் பயமில்லை. உள்ளே மாறினால் பெயரும் மாறும், பிரவுசர் புதிதாக வாங்கிக்கொள்ளும்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். புதியதை ஏற்றும்போது பழைய சிஎஸ்எஸ் கோப்பை அழித்துவிடுவார்கள். ஆனால் பழைய எச்டிஎம்எல் இன்னும் யாருடைய கேஷிலோ இருக்கிறது, அது பழைய பெயரைக் கேட்கும், கிடைக்காது. அவருக்குத் தளம் எலும்புக்கூடாகத் தெரியும். பழைய கோப்புகளைச் சில வாரமாவது விட்டுவையுங்கள். இடம் ஒன்றும் அடைத்துக்கொள்ளாது.

ஏற்றும் முன் எப்படிச் சோதிப்பது? ஐயாயிரம் பக்கத்தையும் பார்க்க முடியாதே.

ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் மூன்று பக்கம் தேர்ந்து வையுங்கள்: சாதாரணமான ஒன்று, மிக நீளமான ஒன்று, ஏறக்குறையக் காலியான ஒன்று. உடைவது பெரும்பாலும் பின்னிரண்டில். அகலமான அட்டவணை உள்ள பக்கம் ஒன்றையும் மறக்காமல் சேருங்கள். இந்தப் பட்டியலை, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் தானாகத் திரைப்பிடிப்பு எடுத்து ஒப்பிடும் கருவியிடம் கொடுங்கள். பிளேரைட் என்ற சோதனைக் கருவியில் இந்த வசதி உள்ளேயே உண்டு.

நிலைத்தளம் என்றால் இதைவிடக் கூர்மையான வழி கையில் இருக்கிறது. மாற்றத்துக்கு முன் ஒரு பில்ட், பின் ஒரு பில்ட், இரண்டு ஃபோல்டரையும் 'டிஃப்' போட்டு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். லேஅவுட் கோப்புகளை ஒழுங்குபடுத்த மட்டுமே செய்தீர்கள் என்றால் வேறுபாடு ஒரு வரிகூட வரக்கூடாது. மெனுவில் ஒரு சொல்லை மாற்றினீர்கள் என்றால் எல்லாப் பக்கத்திலும் அந்த ஒரு வரி மட்டும் வர வேண்டும். எதிர்பாராத வரி எங்கே வந்தாலும் அது பிழை. பில்ட் நேரம் அச்சாகும் வரிகளை முதலில் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

எல்லாப் பக்கமும் உடனே மாறிவிடுமா?

முறையைப் பொறுத்தது. சர்வரில் ஒட்டினால் அடுத்த வேண்டுகோளிலேயே மாறும். நிலைத்தளத்தில் பில்ட் முடிய வேண்டும். விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கியில், பல பக்கங்கள் பயன்படுத்தும் வார்ப்புருவைத் திருத்தினால் அந்தப் பக்கங்களைப் புதுப்பிக்கும் வேலை வரிசையில் சேர்க்கப்பட்டு மெல்ல நடக்கும். சற்று நேரம் இரண்டும் கலந்து தெரிவது அங்கே இயல்பு, பதற வேண்டாம்.

லேஅவுட்டை யார் தொடலாம்?

எல்லாரும் யோசனை சொல்லலாம், மாற்றத்தை இருவர் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். இன்னொருவர் பார்க்காமல் தனியாளாக ஏற்றும் பழக்கத்துக்கு மேலே சொன்ன கனோனிக்கல் கதையே சாட்சி. மாற்றங்களை கிட் என்ற, மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவியில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். 'சிறு திருத்தம்' என்று எழுதாதீர்கள்.

பொது லேஅவுட்டால் படிப்பவருக்கு என்ன லாபம்?

பழக்கம். மெனு பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறாமல் இருந்தால் கை தானாகப் போகும். டபிள்யூசிஏஜி எனப்படும் இணைய அணுகல்தன்மை விதிகள் இதைக் கட்டாயமாகவே கேட்கின்றன: திரும்பத் திரும்ப வரும் பகுதியைத் தாண்டிச் செல்ல வழி வேண்டும் என்பது 2.4.1, வழிசெலுத்தல் ஒரே வரிசையில் வர வேண்டும் என்பது 3.2.3. 2023இல் வந்த 2.2 பதிப்பு, உதவிக்கான வழியும் எல்லாப் பக்கத்திலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்று 3.2.6ஐச் சேர்த்தது. லேஅவுட் ஒன்றாக இருந்தால், 'உள்ளடக்கத்துக்குச் செல்' என்ற சுட்டியை ஓரிடத்தில் எழுதி ஐயாயிரம் பக்கத்துக்கும் கொடுத்துவிடலாம். தப்பாக எழுதினாலும் ஐயாயிரத்துக்கும் போகும் என்பது வேறு விஷயம்.

பழைய தளம் முழுவதும் நகல் ஒட்டியவை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஃபுட்டரிலிருந்து. அதில் ஆபத்து குறைவு, யாரும் உணர்ச்சிவசப்படமாட்டார்கள். முதலில் சொன்ன ஹாஷ் கணக்கை எடுத்து, அதிகப் பக்கங்களில் இருக்கும் வகையைத் துண்டாக ஆக்குங்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் பக்கங்களில் மட்டும் ஸ்கிரிப்ட் மூலம் மாற்றுங்கள். ஒத்துப்போகாதவற்றைத் தனிப் பட்டியல் போட்டு, வகை வகையாகக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். அவற்றில் சில வேண்டுமென்றே வேறாக வைக்கப்பட்டவையாக இருக்கும். ஃபுட்டர் முடிந்த பிறகு ஹெட், பிறகு ஹெடர், கடைசியில்தான் பக்கப்பட்டை. அழகுபடுத்துவதை இதோடு சேர்க்காதீர்கள். இடமாற்றமும் புது வடிவமும் ஒன்றாகப் போனால் எதனால் உடைந்தது என்று தெரியாது.

வருடக்கணக்கில் யாரும் தொடாத பக்கங்கள் ஒரு கூட்டம் கட்டாயம் இருக்கும். அவற்றின் முகவரிகளை மட்டும் மாற்றாதீர்கள், எங்கெங்கிருந்தோ சுட்டி வந்திருக்கும். லோகோவும் முகப்புக்கு ஒரு சுட்டியும் மட்டும் உள்ள எளிய 'காப்பகம்' லேஅவுட் ஒன்றுக்குள் அவற்றை வைத்துவிட்டு, நாளும் ஆட்கள் வரும் பக்கங்களைக் கவனிக்கப் போகலாம்.